அப்பாவுக்காகப் பேசுகிறவர்

பெரியவரிடம் கேட்ட கேள்விக்குத் தாமே பதில் சொல்லும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். “காபியா, டீயா மாமா?” என்று நீங்கள் பெரியவரைப் பார்த்துக் கேட்பீர்கள். “அப்பாவுக்கு ரெண்டுமே ஆகாது” என்று பக்கத்திலிருந்து குரல் வரும். குரலுக்குரியவர் கையில் காபி இருக்கும்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஹைதராபாத் கொண்டாப்பூர் ஷ்யாமையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பு முறிந்து நடக்க முடியாமல் போன அப்பா சாம்பசிவத்துக்குச் சக்கர நாற்காலி, காற்று மெத்தை, பகலெல்லாம் கூடவே இருக்க ஏஜென்சி ஆள் என்று எல்லாம் செய்து, அவர் சௌக்கியமா என்று யார் கேட்டாலும் “அப்பா ஜம்முனு இருக்கார்” என்று அவர் வாயைத் திறக்குமுன் சொல்லி முடிப்பவர். அவ்வளவு பாசம்!

போன மாதம் அப்பாவின் இரண்டு மணிக்கட்டிலும் நீலம் பாய்ந்திருந்தது. டாக்டரம்மா பெரியவரைப் பார்த்து உருதுவில் என்னவென்று கேட்டார். ஷ்யாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: “கீழே விழுந்துட்டார்.”

“ரெண்டு மணிக்கட்டும் சேர்ந்தா விழுந்தது? அவரே சொல்லட்டுமே.”

“அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் டாக்டர். நான் சொல்றேனே!”

பாவம், ஷ்யாமுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாதென்று, வாசற்படிக்கு உள்ளே வேறு பாஷை பேசுவதில்லை என்ற விரதம் காத்தவர் சாம்பசிவம். வாசற்படிக்கு வெளியே, ரயில்வே பணிமனையில், அவர் முப்பது வருஷம் பேசியது வேறு.

“நக்கோ டாக்டரம்மா!” என்று, மகன் சொல்ல வேண்டாமெனத் தடுத்தார் பெரியவர். பிறகு சுத்தமான ஹைதராபாத் உருதுவில் கொட்டினார்: விழவில்லை, கையைக் கட்டிலோடு கட்டிவிட்டு அந்த ஆள் போனில் சினிமா பார்க்கிறான், அவிழ்க்கச் சொன்னால் அடிக்கிறான்.

ஷ்யாம் பதறிப்போனார். முதலில் கேட்டது, “அப்பா, உங்களுக்கு உருது வருமா?”

டாக்டரம்மா அவரை வெளியே நிற்கச் சொன்னார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா?” என்றார் ஷ்யாம், கதவருகில் நின்று.

“தமிழ்லயே சொன்னேனேடா. ‘அப்பா சும்மா சொல்வார், நீ கண்டுக்காதே’ன்னு அவனுக்கே நீதானே சமாதானம் சொன்னே?”

அந்த ஆளை அன்றே அனுப்பியாயிற்று, புகாரும் கொடுத்தாயிற்று. புகாரைச் சொன்னவர் சாம்பசிவம். ஷ்யாம் நாற்காலியைத் தள்ளினார்.

நீங்கள் அந்த இனம் இல்லையா? மகிழ்ச்சி. உங்கள் அம்மா பக்கத்தில்தானே இருக்கிறார், அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். அம்மா, உங்களை நன்றாகப்...

பார்த்தீர்களா? நான் கேட்டது உங்களையல்ல.