ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்

பல் டாக்டர் ஒரு நோயாளியின் ஈறில் மரத்துப்போக வைக்கும் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தபோது மேசை மேலிருந்த போன் அலறியது.

"ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று நோயாளியைத் தேற்றி வேலையை முடித்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார். நோயாளி இருக்கும்போது கிளினிக்குக்குள் வராமல் வீட்டின் உள்ளிருந்தே கூப்பிடும் மனைவி.

"ஏங்க, பொண்ணு பேசினா. அடுத்த சனிக்கிழமை குழந்தையோட வர்றாளாம்."

"வரட்டும், வரட்டும்! வந்ததும் என் பேத்தியை நான்தான் தூக்குவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஊரெல்லாம் கக்குவான் இருமல் சுத்துதில்ல? தடுப்பூசி போடாத யாரும் பிள்ளையைத் தொடக்கூடாதுன்னு கறாரா சொல்லிட்டா. நான் போட்டாச்சு. நீங்க எப்பப் போடப்போறீங்க?"

டாக்டர் மேசை மேலிருந்த ஊசியைத் துணி போட்டு மூடினார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் பாதிப் பேருடைய ஈறில் ஊசி இறக்கிய அந்த மனிதருக்கு, ஊசி என்றால் குலை நடுங்கும். ஊசியின் பின்பக்கம் நிற்கும்வரை அவர் சிங்கம். முன்பக்கம் நிற்கச் சொன்னால், ஆள் இருந்த இடத்தில் செருப்பு மட்டும் இருக்கும். இது வெளியே தெரிந்தால் தொழில் என்ன ஆவது? முதலாளியே வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வரும் ஓட்டலில் யார் இலை போட்டு உட்காருவார்கள்?

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

விசுவாசிகளின் வாழ்க்கையில் இதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. மச்சான் கார் இரவல் கேட்டபோது இதைத்தான் சொன்னார். பாடகர் குழுவுக்குச் செயலாளராக இருக்கச் சொன்னபோதும் இதேதான். மச்சான் சொந்தமாகக் கார் வாங்கிவிட்டான். குழுவுக்கு வேறொரு செயலாளர் வந்து, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். டாக்டர் மட்டும் இன்னும் ஜெபித்துக்கொண்டிருப்பதாகக் கணக்கு. 'கேட்டீங்களா, கர்த்தர் என்ன சொன்னார்?' என்று யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது பாருங்கள், அங்கேதான் அதன் அழகு.

இந்த முறை மனைவி சும்மா இருக்கவில்லை. விஷயத்தை ஜெபக்குறிப்பாகப் பாஸ்டரிடம் சேர்த்துவிட்டாள். ஜெபக்குறிப்பு என்பது, அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பேசும் முறை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

"நம்ம பல் டாக்டர், தடுப்பூசி போடலாமா வேண்டாமான்னு கர்த்தருடைய சித்தத்துக்காகக் காத்திருக்கார். அவருக்காகப் பாரத்தோட ஜெபிப்போம்."

சபையே திரும்பிப் பார்த்தது. டாக்டர் முகத்தைத் தாழ்மையாக வைத்துக்கொள்ள முயன்றார். கடைவாய்ப் பல் வலிக்காரர்களின் முகம்தான் வந்தது.

ஆராதனை முடிந்ததும், இந்தப் பேச்சை இன்றோடு மூடிவிட வேண்டும் என்று, வாசலில் எல்லார் காதிலும் விழும்படி கனமான குரலில் சொன்னார். "ஒண்ணும் அவசரமில்ல பாஸ்டர். கர்த்தர் பேசுற வரைக்கும் நான் காத்திருப்பேன்."

மூடியது போலத்தான் இருந்தது. ஆர்கன் அத்தை வந்து திறந்துவிட்டார். சபையில் ஆர்கன் வாசிக்கும் முதிய பெண்மணி அவர். ஆஸ்துமாக்காரர். பாட்டுக்கு நடுவே ஆர்கன் மூச்சு விடுகிறதா, அத்தை மூச்சு விடுகிறாரா என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது.

"தம்பி, இவ்வளவு படிச்ச நீங்களே காத்திருக்கும்போது நான் எம்மாத்திரம்? நீங்க போட்டாத்தான் நானும் போடுவேன்."

டாக்டர் பதறிப்போனார். "ஐயோ அத்தை, உங்க நெஞ்சுக்கு அந்த இருமல் ஆகவே ஆகாது. நாளைக்கே போய்ப் போட்டுக்குங்க."

"ஊசி நல்லதுதானே?"

"நல்லது அத்தை. நான் படிச்சுப் பார்த்திருக்கேன்."

"விசுவாசத்துக்கு விரோதமில்லையே?"

"சேச்சே! கண்ணுக்குக் கண்ணாடி போடுறது விரோதமா? நான் உங்களுக்குப் பல்லு கட்டினேனே, அது விரோதமா? மருத்துவமும் அவர் கொடுத்ததுதானே?"

"அப்ப நீங்க ஏன் போடல?"

டாக்டர் பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டார். "நான்... ஜெபத்துல இருக்கேன்."

"அப்ப நானும்" என்றார் அத்தை.

"நாங்களும்தான்" என்றார்கள் பின்னால் நின்ற தையல்காரரும் பஸ் டிரைவரும். அவர்களுக்குப் பின்னாலிருந்த கூட்டமும் தலையாட்டியது. டாக்டர் உதவிக்கு மனைவியைப் பார்த்தார். அவள் கூரையில் ஓடிய மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்டர் அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "டாக்டர், போடுறதும் போடாததும் உங்க மனசாட்சிக்கும் கர்த்தருக்கும் நடுவுல. நான் குறுக்க வரமாட்டேன். ஆனா ஒண்ணு. அவர்கிட்ட கேட்கிறீங்களா, இல்ல கேட்கிற மாதிரி நிக்கிறீங்களா? அதை மட்டும் பார்த்துக்குங்க."

சனிக்கிழமை மகள் வந்தாள். டாக்டர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார்.

"அப்பா! சோபாவுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க."

"தூரத்துல இருந்து ஒரு முத்தம்..."

"தூரத்துல இருந்தே கொடுங்க."

மனைவியின் தோளில் கிடந்த பேத்தி அப்போது கொட்டாவி விட்டாள். டாக்டர் சோபா மேல் எக்கிப் பார்த்தார். எத்தனையோ வாய்களைப் பார்த்த மனிதர். ஒரு சொத்தை இல்லை, ஒரு கறை இல்லை, ஒரு பல்லே இல்லை. இப்படி ஒரு குறையில்லாத வாயை அவர் பார்த்ததே கிடையாது.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. பாஸ்டர், அத்தை, தையல்காரர், டிரைவர், இன்னும் பாதிச் சபை. டாக்டருக்குத் தெளிவு கிடைக்க, அவர் வீட்டிலேயே உபவாச ஜெபமாம்.

"ஏம்மா, இத்தனை பேர் வர்றாங்களே, குழந்தைக்கு..." என்று மகளிடம் கிசுகிசுத்தார்.

"அவங்க பாட்டுக்கு ஹால்ல இருக்கட்டும். நீங்கதான் உள்ள வரத் துடிக்கிறீங்க" என்று மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெபம் சூடு பிடித்தபோது அத்தைக்கு இருமல் வந்தது. ஒரு இருமல், இன்னொன்று, பிறகு நிற்கவே இல்லை. அத்தை பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து இழுத்தார். டாக்டர் தண்ணீரோடு மண்டியிட்டார். அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். 'இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது இருமலால இல்ல, என்னால' என்று டாக்டருக்குப் பட்டது.

எல்லோரும் போனபின் வீட்டின் முன்னறையில் இருந்த தன் கிளினிக்கில் நுழைந்து, நோயாளி நாற்காலியில் சாய்ந்து படுத்தார். முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டுக்கொண்டார்.

"கர்த்தாவே, உம்முடைய சித்தம் எனக்குத் தெரியாம இல்ல. எனக்குப் பயம். அவ்வளவுதான். உம்ம பேரை முன்னாடி நிறுத்திட்டு நான் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். உம்ம பேரை வீணா சொல்லக் கூடாதுங்கிற கட்டளையை மனப்பாடமா ஒப்பிச்சு ஞாயிறு பள்ளியில பரிசு வாங்கினவன் நான். மன்னிச்சிரும்."

வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. உள்ளறையில் பேத்தி தும்மினாள். அது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை சுகாதார நிலையத்தில் அவர் முன்னால் நிற்க, பின்னால் சபையே வரிசை கட்டியது.

"கர்த்தர் பேசினாரா தம்பி?" என்றார் ஆர்கன் அத்தை.

"புதுசா ஒண்ணும் சொல்லல அத்தை. முன்னாடியே சொன்னதுதான். நான்தான், வாயைத் திறக்காத பேஷன்ட் மாதிரி, காதை இறுக்கி மூடியிருந்தேன்."

நர்ஸ் ஊசியை எடுத்தாள். டாக்டர் வாசல் பக்கம் திரும்பினார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாஸ்டர் முதுகைத் தாங்கினார். டிரைவரும் தையல்காரரும் எதற்கோ தயாராக இரண்டு பக்கமும் நின்றார்கள். டாக்டர் கண்ணை மூடி, பாடம் பண்ணியிருந்த பைபிள் சங்கீதங்களையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து சொன்னார்.

"முடிஞ்சுது, சார்" என்றாள் நர்ஸ்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. எழுந்து நின்றார். விழவில்லை. ஊசியின் இரு பக்கமும் பார்த்த மனிதராகச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, பெருந்தன்மையோடு நகர்ந்து இடம் விட்டார்.

"அடுத்து அத்தைக்குப் போடுங்க சிஸ்டர். ஆஸ்துமா இருக்கு, பார்த்துப் போடுங்க. பயப்படாதீங்க அத்தை, எறும்பு கடிக்கிற மாதிரிதான்."

அத்தை உட்காரவில்லை. அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். பாஸ்டரும் பார்த்தார். வரிசை மொத்தமும் பார்த்தது.

நர்ஸ் அத்தையை உற்றுப் பார்த்துச் சொன்னாள்: "என்னம்மா, உங்க எல்லாருக்கும்தான் போன மாசமே போட்டாச்சே! அன்னைக்கு, 'எங்க பல் டாக்டருக்கு ஊசின்னா நடுக்கம், எப்படியாவது ஒரு நாள் கூட்டிட்டு வந்துடுறோம்'னு சொல்லிட்டுப் போனீங்களே, அவர் இவர்தானா?"