மஞ்சள் பலகையில் இடப்பக்கம் திரும்பவும்

மரியாதைக்குரிய பெரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு நலமா என்ற இந்த ஒரு வரிக்கே காலைப்பொழுது போய்விட்டது. ஆகவே நலமாகவே இருங்கள்.

என் மகன் தவழ்ந்த காலத்தில் கடைசியாக இங்கு வந்தவர் நீங்கள். இப்போது அவன் மனைவிதான் எனக்கு எழுத்துக் கற்றுத் தந்தாள். அன்று போனில், "எல்லாத்தையும் இடிச்சுட்டாங்களாமே, நான் எங்க வந்து தொலையறது? கைநாட்டு மாப்ளே, நீயே உன் கையால வழி எழுதி அனுப்பு, மறுநாளே வண்டி ஏறுறேன்" என்று சிரித்தீர்கள். உங்கள் தங்கை சிரிக்கவில்லை. "எங்க அண்ணன் சொன்னா சொன்னதுதான்" என்று உங்களுக்காக ஒரு தலையணை உறையைத் தினமும் துவைத்துக் காயப்போடுகிறாள். அது நைந்து போவதற்குள் நீங்கள் வந்தாக வேண்டும்.

வழி சொல்கிறேன். ரயிலடிக்கு வெளியே வந்ததும் மணிக்கூண்டைத் தேடாதீர்கள், அது இல்லை, அது இருந்த இடத்தில் ஆகாயத்தில் ஒரு சாலை போகிறது, அதற்கு மேல் இன்னொரு சாலை, அதற்கும் மேலே ரயில், நான் வாயைப் பிளந்து நின்றதில் பின்னால் வந்தவர், "பெருசு, மேல சாமி ஏதும் தெரியுதா?" என்று கேட்க, "இல்லப்பா, ரயிலு" என்றேன். அப்புறம் மூக்கை நம்பி நடக்காதீர்கள், தெருவெல்லாம் மணத்த பிஸ்கட் தொழிற்சாலை இப்போது பல் ஆஸ்பத்திரி. நான் தோளில் மரம் சுமந்த மரவாடி முழுக்கக் கண்ணாடி மாளிகை ஆகிவிட்டது, அதில் மேகம் நகர்கிறது மச்சான், எதிரே உள்ள வீடெல்லாம் அதற்குள்ளும் நிற்கிறது, ஒரு ஊரைக் கட்டினால் இன்னொரு ஊர் சும்மா கிடைக்கிறது! காவலாளி வந்து என்ன வேண்டும் என்றார். "ஒண்ணும் வேணாம்யா, நான் இங்கதான் வேலை பார்த்தேன்" என்றேன். "எந்த மாடியில?" என்று கேட்டார். மாடி ஏது, அப்போது தரையே மேடும் பள்ளமும்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கியபோது எதிர்க் கட்டிடம் மூன்று மாடி. இந்த வரிக்கு வருவதற்குள் ஐந்தாகிவிட்டது. "மாமா, முதல்ல நீங்க முடிப்பீங்களா, அவங்க முடிப்பாங்களா?" என்கிறாள் மருமகள்.

கண்ணாடி மாளிகையைத் தாண்டினால் ஒரு மஞ்சள் பலகை. 'பணி நடைபெறுகிறது. மாற்றுப் பாதையில் செல்லவும்.' யார் தயவும் இல்லாமல் நான் முழுசாகப் படித்த முதல் பலகை அதுதான். இத்தனை வருடம் இந்த ஊர்ச் சுவர்கள் என் எதிரே ஊமையாக நின்றன, அன்று ஒன்று வாயைத் திறந்து என்னோடு பேசியது. நல்ல இரும்புக் கால், கறுப்பு எழுத்து, மணிக்கூண்டு போனாலும் அது போகாது. கண்ணை மூடிக்கொண்டு அங்கே இடப்பக்கம் திரும்புங்கள். மூன்றாவது கட்டிடம், இரண்டாம் மாடி. சன்னலில் தலையணை உறை ஆடும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்கள் முழங்காலுக்குத் தெம்பு.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு அல்லாத
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதிய வழியில் வர வேண்டாம். இதைத் தபாலில் போடக் கீழே இறங்கினால் நம் வாசலிலேயே அந்த மஞ்சள் பலகை நிற்கிறது. பள்ளம் தோண்டுகிறவரிடம், "இது அங்கதானே இருந்துச்சு?" என்றேன். "எங்க தோண்டுறோமோ அங்க வரும் பெரியவரே" என்றார். மறுபடி எழுதி முடிப்பதற்குள் இது வேறு ஊராகிவிடும். எழுதி அனுப்பு என்றீர்கள், அனுப்பிவிட்டேன். வண்டி ஏறும் நாளைப் போனில் சொல்லுங்கள். ரயிலடி வாசலில் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதில் 'மச்சான்' என்று கொட்டை எழுத்தில் நானே எழுதிவிட்டேன். பலர் திரும்பிப் பார்க்கலாம். எழுத்தில் குற்றம் கண்டுபிடிக்கக் கிட்டே வருகிறவர் நீங்கள்தான்.