முடிச்சுக்கு வைத்தியம்

உலகத்தில் ஒரு நூல் முடிச்சைக்கூட அலட்சியம் செய்யாத நாடு ஒன்று உண்டென்றால், அது டென்மார்க்தான். இதற்கு மகேந்திரராசாவே சாட்சி. 1988ஆம் ஆண்டில் அவர் ஒடென்சேயில், தென்னமெரிக்கத் தொல்லியலையும் மானிடவியலையும் ஆராயும் நிலையம் ஒன்றில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஆய்வுப் போக்குகள் அடிக்கடி மாறும். முதலில் தங்கம் தேடினார்கள். தங்கம் தேடுவது அநாகரிகம் என்று கண்டுபிடித்ததும் உடைந்த பானை தேடினார்கள். இப்போது பானையும் பழசாகிவிட்டது. "மண்ணைத் தோண்டாதே, மௌனத்தைத் தோண்டு" என்பதே புதிய போக்கு. எழுத்தில்லாத இன்கா மக்கள் கணக்கையும் சேதியையும் நூலில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள் அல்லவா, அந்த முடிச்சுகளின் 'குரலை'க் கேட்க வேண்டுமாம். கேட்பவர் பேராசிரியர் ஹோல்கர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் கேட்பார்.

அகதியாய் வந்த மகேந்திரராசாவுக்கோ ஒரு விண்ணப்பம் கிடந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மனைவி அருள்நாயகி. அவர் புறப்படும்போது வயிற்றில் இருந்த மகள் சுஜீதா இப்போது "அப்பா எங்கை?" என்று கேட்கிறாளாம். இருவரையும் கூப்பிட்டுக்கொள்ளச் சட்டமே உரிமை கொடுத்திருந்தது. விண்ணப்பித்தது 1987 ஜனவரியில். மாதம் ஒருமுறை கோப்பன்ஹேகனில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்குப் போன் எடுப்பார். ஒரேயொரு கடிதம் வந்தது, அதிலும் ஒரு வரிதான். அவருக்கு ஆறு மாதம் முந்தி டென்மார்க்குக்கு வந்த 'தகுதியால்' மொழிபெயர்ப்பாளராகிவிட்ட நித்தியானந்தன் அகராதியைப் புரட்டினான்.

"அண்ணை, 'பெஹான்லிங்' எண்டால் வைத்தியம். உங்கடை கேசுக்கு வைத்தியம் நடக்குதாம்."

"கேசுக்கு என்ன வருத்தம்?"

"அதை எழுதேல்லை. பெரிய வருத்தம் போலை."

அந்தச் சொல்லுக்குப் பரிசீலனை என்றும் பொருள் உண்டென்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் மகேந்திரராசாவுக்கு முதல் பொருளே பிடித்துப் போயிற்று. காரணம், நிலையத்தின் களஞ்சிய அறையில் பழைய முடிச்சு நூல்கள் கிடந்த இழுப்பறைகளிலும் அதே அட்டை தொங்கியது: 'பெஹான்லிங்'. அந்த நூல்களுக்கு என்ன உபசாரம்! மயிலிறகு மாதிரித் தூரிகையால் தூசு தட்டுவார்கள். குளிரும் சூடும் அளந்து வைப்பார்கள். காலையும் மாலையும் இருவர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். என் கேசையும் இப்படித்தானே தாங்குவார்கள் என்று நினைத்தபோது மகேந்திரராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவரிடமும் ஒரு நூல் இருந்தது. ஊரில் நேர்த்திக்கு முடிச்சுப் போட்டு, காரியம் நிறைவேறியதும் அவிழ்ப்பார்கள். அந்த வழக்கத்தில், தரை துடைக்கும் கட்டையிலிருந்து ஒரு திரியை உருவி, போன் எடுக்கும் மாதத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுவந்தார். யாரும் போனைத் தூக்காவிட்டால் இரட்டை முடிச்சு. அருள்நாயகியின் கடிதம் வந்தால் சிவப்பு நூல் ஒன்று சேரும். முடிவு வரும்வரை முடிச்சு.

பதினாலாவது முடிச்சோடு பொறுமை போயிற்று. அட்டை தொங்கும் இடத்தில் வைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று, சாமிக்கு முன்னால் வைப்பதுபோல அதை ஓர் இழுப்பறையில் வைத்தார்.

பார்த்தார்கள்! நிலையமே அல்லோலகல்லோலப்பட்டது. பதிவேட்டில் இல்லாத நூல்! அதன் வயதைச் சோதித்த ஆய்வுகூடம் "வியக்கத்தக்க வகையில் புதிது" என்று எழுதியது. சவர்க்கார வாசத்துக்குச் 'சடங்கு நறுமணம்' என்று பெயராயிற்று. மகேந்திரராசாவோ மாதாமாதம் போன் எடுத்துவிட்டு, துடைக்கப் போகிற சாட்டில் ஒரு முடிச்சைக் கூட்டிவிடுவார். முடிச்சு பதினாலு என்று ஒருவர் கட்டுரை எழுதினார். பதினைந்து என்று இன்னொருவர் மறுத்தார். இரண்டு 'சிந்தனைப் பள்ளிகள்' தோன்றி, உணவறையில் தனித்தனி மேசையில் சாப்பிடத் தொடங்கின.

ஒக்டோபரில் மாநாடு. தலைப்பு: 'தென்னமெரிக்க ஆய்வின் புதிய போக்குகள்'. மகேந்திரராசா கோப்பிச் சாடியோடு பின்வரிசையில் நின்றார். ஹோல்கர் கையுறை மாட்டி அந்த நூலைத் தூக்கினார். நூல் என்றால் தமிழில் புத்தகமும்தான். அந்த மனிதர் வாசித்தே விட்டார்.

"இது கணக்கு அல்ல, விண்ணப்பம்! ஒருவன் அரசிடம் ஏதோ கேட்டிருக்கிறான். மாதம் ஒருமுறை போய்க் கேட்டிருக்கிறான். இரட்டை முடிச்சு விழுந்த மாதங்களில் வாசல் திறக்கவேயில்லை. சிவப்பு நூல் தூரத்தில் காத்திருக்கும் ஒருத்தி. இருபத்தொரு மாதம்! மறுத்திருந்தால் அழுதுவிட்டாவது போயிருப்பான். மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. சும்மா வைத்திருந்தார்கள்!"

முன்வரிசையில் ஓர் அம்மா மூக்கைச் சிந்தினார். மகேந்திரராசா ஊற்றிக்கொண்டிருந்த கோப்பை நிரம்பி வழிந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. இருபத்தொரு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் அவருடைய விண்ணப்பத்தை வாசித்திருக்கிறார்.

"இப்படிச் செய்த சாம்ராச்சியம் அழிந்து மண்ணாய்ப் போனதில் என்ன வியப்பு?" என்று ஹோல்கர் முடித்தார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

சாதாரண மனிதரின் கருத்தைக் கேட்பதும் புதிய போக்குகளில் ஒன்று. ஆகவே ஹோல்கர் சுற்றிப் பார்த்து, "நீ என்ன நினைக்கிறாய், மகேந்திரா?" என்றார்.

மகேந்திரராசா சாடியை வைத்துவிட்டு மேடைக்குப் போய், நூலை வெறுங்கையால் எடுத்தார். "ஐயோ, கையுறை!" என்று இரண்டு பள்ளிகளும் ஒன்றாகக் கத்தின. அவர் நிதானமாக இருபத்திரண்டாவது முடிச்சைப் போட்டார். இரட்டை முடிச்சு.

"காலமை எடுத்தனான் ஐயா. ஆரும் போன் தூக்கேல்லை," என்றார். அவருடைய டேனிஷ் மானிப்பாய் வழியாகத்தான் வரும். "நீங்கள் வாசிச்சது முழுக்கச் சரி. ஒண்டே ஒண்டுதான் பிழை."

"எது?"

"அந்தச் சாம்ராச்சியம் இன்னும் அழியேல்லை. கோப்பன்ஹேகனிலை இருக்கு. பத்து மணிக்குத் திறப்பினம், பன்ரண்டுக்குப் பூட்டிப்போடுவினம்."