வெப்ராளம் சூப்பிரண்டும் செல்லம்மை ஆச்சியின் ஓட்டும்

வெயில் அடித்தால் வெயிலுக்காகவும், மழை பெய்தால் மழைக்காகவும், இரண்டும் இல்லாத நாளில் வானம் ஏன் இப்படிச் சும்மா இருக்கிறது என்றும் கவலைப்பட்ட மனிதர் நாஞ்சில் நாட்டிலேயே ஒருவர்தான். அவர் வெப்ராளம் சூப்பிரண்டு. நெஞ்சு படபடக்க நிலைகொள்ளாமல் தவிப்பதற்கு எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நாகர்கோவிலில் ஒரு வியாபாரிக் குடும்பத்தார் நடத்திய வயோதிகர் விடுதிக்கு அவர் சூப்பிரண்டு, நான் கம்பவுண்டர். போக்கிடம் இல்லாத கிழவர் கிழவிகள் இருபத்திரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அந்த இருபத்திரண்டு உயிரும் எந்நேரமும் பறக்கத் தயாராக நிற்பதாகவே அவருக்கு எண்ணம். மீன்குழம்பு வைத்தால் முதலில் தான் ஒரு வாய் தின்பார். தனக்கு ஏதாவது ஆகிறதா என்று கால் மணி நேரம் காத்திருப்பார். அதற்குள் குழம்பு ஆறிவிடும். ஆறிய குழம்பு வயிற்றுக்கு ஆகாது என்று சுட வைக்கச் சொல்வார். சூடான குழம்பு நாக்கைப் பொசுக்கிவிடும் என்று மறுபடி ஆற வைப்பார். ஒரு மணிச் சோறு மூன்று மணிக்குத்தான் இலைக்கு வரும்.

யாராவது தும்மினால் என்னைக் கூப்பிடுவார். தும்மாவிட்டாலும் கூப்பிடுவார். “பாட்டா காலைலேருந்து தும்மவே இல்ல. என்னான்னு பாரும்” என்பார். அந்தப் பாட்டா இனயத்துக்காரர். நாற்பது வருஷம் கட்டுமரம் ஏறிக் கடலில் கிடந்தவர். விடுதித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போக அவருக்கு அனுமதி இல்லை. விழுந்து முங்கிவிடுவாராம்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் வந்து இறங்கியது.

வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத ஆள் வந்தபோது செல்லம்மை ஆச்சி தன் பெயரைச் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயது, பலவீனமான இருதயம். வடசேரிக்காரர் பெண்டாட்டி என்று எழுதினால் போதும் என்றாள். அந்த வடசேரிக்காரர் போய் முப்பது வருஷம் ஆகியிருந்தது. சூப்பிரண்டு விடவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் வேறொரு வடசேரிக்காரர் பெண்டாட்டிக்கு எழுதிய மருந்தை இவளுக்குக் கொடுத்துவிட்டால் என்ன கதி என்று அவருக்குப் பயம். அரை நாள் கெஞ்சி, பெயரை வாங்கி எழுத வைத்தார்.

வாக்குச்சாவடி ஒரு மைல் தள்ளி, ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஓட்டு நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி இருந்த காலம் அது. முற்றத்தில் பிஸ்கட் தகரங்களை வரிசையாக வைத்து ஒத்திகை நடத்தினார். பெட்டியின் வாயில் விரல் மாட்டிவிடாமல் சீட்டை நுனியில் பிடித்துப் போடப் பழக்கினார். பழகிப் பழகி ஓட்டு மேலேயே வெறுப்பு வந்துவிட்டதாக இனயத்துப் பாட்டா சொன்னார்.

மூன்று வில்வண்டிகள் ஏற்பாடாயின. ஆச்சியை மட்டும் கூட்டிப்போவதில்லை என்று முடிவெடுத்தார். படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டிக் குலுக்கலில் அந்த இருதயம் நின்றுவிட்டால்? அதை அவளிடம் சொல்லப் போனபோது துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார்.

ஆச்சி சண்டை போடவில்லை. மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

“பொறந்தன்னைக்கும் எழுதல்ல, கெட்டுன அன்னைக்கும் எழுதல்ல. எனக்க பேரை மொதமொதலா ஒரு கடலாசுல எழுத வச்சது நீருதான். அங்க போயி, ‘நாந்தான் அது’ன்னு ஒரு வார்த்தை சொல்லாண்டாமா?”

சூப்பிரண்டு வெளியே வந்தார். முற்றத்தில் இங்கும் அங்கும் இருபது தடவை நடந்திருப்பார். பிறகு என்னிடம் வந்து, பிரம்பு நாற்காலியில் இரண்டு மூங்கில் கட்டினால் எவ்வளவு கனம் தாங்கும் என்று கேட்டார்.

ஓட்டு நாளன்று முன்னால் மூன்று வண்டிகள் போயின. பின்னால் நான்கு ஆட்கள் தூக்கிய நாற்காலியில் ஆச்சி. பக்கத்தில் சூப்பிரண்டு, ஒரு கையில் குடை, மறு கையில் ஆச்சியின் நாடி. கவனம் எல்லாம் நாடியில் இருந்ததால் குடையின் நிழல் ரோட்டுக்குத்தான் கிடைத்தது. அவர் முகத்தைப் பார்த்த கடைக்காரர்கள் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்து எழுந்து நின்றார்கள். ஆச்சி எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போனாள்.

சாவடியில், விரலில் வைக்கும் மையில் விஷம் ஏதும் உண்டா என்று அதிகாரியிடம் விசாரித்தார். இல்லை என்றதும், சோதித்துப் பார்க்கத் தன் விரலை நீட்டினார். வரிசையில் வந்தால்தான் மை என்று அதிகாரி முறைத்தார்.

ஆச்சியின் முறை வந்தது. பெயரைக் கேட்டார்கள். சாவடி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். கூட யாரும் போகக் கூடாது என்று விதி.

ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. உள்ளே சத்தமே இல்லை. சூப்பிரண்டின் முகம் வெளுத்தது. “ஆச்சி” என்று ஒரு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. திரையை நோக்கி ஓடினார். போலீஸ்காரர் குறுக்கே லத்தியை நீட்டினார். லத்தி அவர் மேல் படவே இல்லை. அதற்கு முன்பே மனிதர் சாய்ந்துவிட்டார்.

நான் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது ஆச்சி வெளியே வந்தாள். இவருக்கு என்ன வந்தது என்று கேட்டு, முந்தானையால் அவருக்கு வீசினாள். கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, உள்ளே இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்பதுதான்.

“ஒண்ணும் செய்யல்ல. உள்ள ஒரு ஆளும் இல்ல. எனக்க ஆயுசுல அப்பிடி ஒத்தைக்கு ஒரு எடத்துல நின்னதில்ல பாத்துக்கிடும். அதான் கொஞ்ச நேரம் நின்னேன்.”

திரும்பும்போது நாற்காலியில் சூப்பிரண்டைத் தூக்கி வந்தோம். ஆச்சி வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

மேலும் மூன்று வருஷம் இருந்தாள். ஒரு மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சூப்பிரண்டு வெப்ராளப்படாத ஒரே நாளை அன்றுதான் பார்த்தேன். யாரையும் அனுப்பாமல் தானே முனிசிபல் ஆபீசுக்கு நடந்துபோய், அவள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பதிவு செய்துவிட்டு வந்தார்.

எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம், எனக்குப் பத்மநாபபுரம் பக்கம் வேலை கிடைத்தது. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு அவரும் வந்தார். நன்றாகத் தூங்கினீரா, கண் எரிகிறதா என்று டிரைவரிடம் விசாரித்தார். பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் இருந்து கை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. குனிந்து, பின்சக்கரம் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே கூட நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்குக் கை ஆட்டி விடை கொடுத்திருக்கிறார்கள். சக்கரத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.