ஹோல்டு சார் கட்டிய மஞ்சள் அட்டை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஓடுகிற எதையும் நிறுத்தக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் டிராபிக் போலீஸ்காரர். இன்னொருவர் ஹோல்டு சார். போலீஸ்காரர் கையை நீட்டியும் நிற்காமல் போன கன்டெய்னர் லாரிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஹோல்டு சார் நிறுத்தி நிற்காத ஒன்றை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அது நிற்காமல் போனதற்கு நானே காரணம் என்பதால், இதைக் கொஞ்சம் சங்கடத்தோடுதான் எழுதுகிறேன்.

பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் வழங்கியதாகத் தெரியவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டு மஞ்சள் அட்டை, நூல் கோத்துத் தயாராக இருக்கும். அட்டையில் ‘ஹோல்டு’ என்று அச்சடித்திருக்கும். தொழிற்சாலையில் ஒரு பொருள்மேல் சந்தேகம் வந்தால் அதைக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் மேனேஜரே வந்தாலும் அந்தப் பொருளை நகர்த்தக்கூடாது. குறை சரியான பிறகு, கட்டியவர் கையாலேயேதான் அவிழ்க்க வேண்டும். நல்ல வழக்கம்தான், ஆனால் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டிய வழக்கம். இவர் அதையும் கூடவே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

மணிமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை போட்டாயிற்று. தேங்காய்ச் சட்னி வாளி இவரிடம் வந்தது. முகர்ந்து பார்த்தார், பையிலிருந்து அட்டையை எடுத்தார், வாளியின் கைப்பிடியில் கட்டினார். பரிமாறுகிறவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. பெண்ணின் மாமா, மாப்பிள்ளையின் சித்தப்பா, கடைசியில் சமையல்காரர் என்று வரிசையாக வந்து சண்டை போட்டார்கள். சமையல்காரர் கோபத்தோடு ஒரு விரல் தொட்டு நக்கினார், பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். சட்னி ஊசிப்போயிருந்தது. ஹோல்டு சாரிடம் இருந்த பெரிய தொல்லையே இதுதான். அவர் தப்பாகக் கட்டியதே கிடையாது.

இப்படிப்பட்டவர் எங்கள் மீத்திறன் மாணவர் கல்விச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு வந்து சேர்ந்தது விதிதான். தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து ஒரு பிரதிநிதி வேண்டும் என்று ஒரு பெரிய மேனேஜருக்குக் கடிதம் எழுதினோம். அவருக்கு நேரமில்லை, இவரை அனுப்பிவிட்டார். குழுவில் மொத்தம் ஐந்து பேர். ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் தலைவர். லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர், ஒரு பல் டாக்டரம்மா, இவர், பிறகு செயலாளராக நான். எனக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் மனிதவளத் துறை வேலை.

முதல் கூட்டத்திலேயே தலைவரின் நாற்காலியில் மஞ்சள் அட்டை தொங்கியது. பின்கால் ஆடுகிறது என்றார் ஹோல்டு சார். பள்ளிக்கூடத்தை நடத்துகிற எனக்கு ஒரு நாற்காலியில் உட்காரத் தெரியாதா என்று தலைவர் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அடுத்த இரண்டு கூட்டங்கள் தலைவரின் இடுப்பு வலி காரணமாக ஒத்திவைக்கப்பட்டன.

சங்கத்தின் வேலை இதுதான். சுற்றுவட்டாரத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைப்போம். அதில் முதல் பத்து பேருக்குத் தலைவரின் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து இலவசப் படிப்பு. அந்த வருஷம் தேர்வு முடிந்தது, பத்து பேர் பட்டியல் தயார், பெரிய பிளெக்ஸ் அடித்தாயிற்று. சிறப்பு விருந்தினர் என்னுடைய ஜெனரல் மேனேஜர். அவரிடம் தேதி வாங்க நான் மூன்று வாரம் அவர் அறை வாசலில் நின்றிருந்தேன்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் ஹோல்டு சார் விடைத்தாள்களைக் கேட்டார். கொடுத்தேன். அவற்றைத் தரையில் பரப்பி, மண்டியிட்டு, மதிப்பெண்ணைப் பார்க்காமல் தப்பு எந்த இடத்தில் என்று மட்டும் பார்த்துப் பிரித்து அடுக்கினார். ஒரு குவியல் தனியாக நின்றது. பதினான்கு தாள்கள். பதினான்கும் நாலாவது கேள்வியில் அடிவாங்கியிருந்தன.

“ஒரு பீஸ் தப்பா வந்தா பீஸ் தப்பு சார். பதினாலு பீஸு ஒரே எடத்துல தப்பா வந்துகினு கீதுன்னா, அளக்குற கேஜைப் பாக்கணும்” என்றார்.

நாலாவது கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண். ஏனென்றால் அதைத் தயாரித்தவர் தலைவர். நான்கு படங்கள். அப்பா பல் துலக்குகிறார், வேலைக்குப் போகிறார், வீடு திரும்புகிறார், தூங்குகிறார். காலையிலிருந்து வரிசைப்படுத்த வேண்டும். அந்தப் பதினான்கில் பதின்மூன்று பிள்ளைகள் காலையில் முதல் வேலையாக அப்பாவை வீடு திரும்ப வைத்து, உடனே தூங்கவும் வைத்திருந்தார்கள். நாங்கள் சிவப்பு மையால் அடித்திருந்தோம். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு அந்த வாரம் சி ஷிப்ட். இரவெல்லாம் லைனில் நின்றுவிட்டு விடிந்த பிறகு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். கேள்வியைத் தயாரித்துத் திருத்திய நாங்கள் எல்லோரும் ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருகிற ஜாதி.

பதினான்காவது தாளில் வரிசையே இல்லை. கட்டத்துக்குள் பென்சிலால் இரண்டே சொல். ‘எந்த வாரம்?’

ஹோல்டு சார் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். மற்ற எல்லாக் கேள்விக்கும் அதை எழுதிய சிறுமி சரியாக எழுதியிருந்தாள். இந்த ஒன்றினால் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனார். வரிசையாக வாடகை அறைகள். அந்தச் சிறுமியின் பெயர் மாரிச்செல்வி. அப்பா ஒப்பந்தத் தொழிலாளி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். ஏன் அப்படி எழுதினாய் என்று ஹோல்டு சார் கேட்டார்.

“எங்கப்பாக்கு ஒரு வாரம் ஏ, ஒரு வாரம் பி, ஒரு வாரம் சி. எந்த வாரம்னு தெரியாம எப்படி எழுத? அன்னைக்கே இந்த சார்ட்ட கேட்டேன். பேசாம எழுதுன்னுட்டாங்க” என்று என்னைக் காட்டினாள்.

உண்மை. தேர்வு அறையில் மேற்பார்வை நான்தான். ஒரு குழந்தை எழுந்து நின்று ஏதோ கேட்டதும், நான் அதட்டியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவளுடைய அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அவுக கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது சார். இவளுக்கு சீட்டு கெடச்சா நானும் எங்கயாவது கேன்டீன் வேலைக்குப் போயி இங்கனயே இருந்துக்கிடுவோம். இல்லன்னா ஊருக்குத்தான். அங்க போனா இவளைத் தீப்பெட்டி ஒட்டத்தான் கூப்பிடுவாக.”

அடுத்த நாள் அவசரக் கூட்டம். நாங்கள் உள்ளே நுழையும்போது, சுவரில் சாய்த்து வைத்திருந்த பிளெக்ஸில், தலைவரின் படத்துக்குச் சரியாகக் கழுத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நாலாவது கேள்வியை நீக்கிவிட்டு மறுபடி பட்டியல் போட வேண்டும், அதுவரை விழா நிற்க வேண்டும் என்றார் ஹோல்டு சார். தலைவர் இடுப்பைத் தடவிக்கொண்டார். ஒரு கேள்விக்காக விழாவை நிறுத்துவதா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

“அடுத்த வருசம் வேற பசங்க வருவாங்க. இந்தப் பொண்ணு போய்டும் சார்” என்றார் இவர்.

ஓட்டெடுப்பு நடந்தது. நிறுத்தலாம் என்று ஹோல்டு சாரும் பல் டாக்டரம்மாவும் கை தூக்கினார்கள். நடத்தலாம் என்று தலைவரும் லாட்ஜ்காரரும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் ஜெனரல் மேனேஜரின் அறை வாசலை நினைத்தேன். தேதி மாறிவிட்டது சார் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். என் கை தலைவர் பக்கம் உயர்ந்தது. பயந்தாங்கொள்ளித்தனம்தான், வேறு பெயர் வைத்துப் பிரயோஜனமில்லை.

ஹோல்டு சார் சண்டை போடவில்லை. பிளெக்ஸிலிருந்து அட்டையை அவரே அவிழ்த்தார். குறை சரியாகாமல் அவர் அவிழ்த்த முதல் அட்டை அது. பிறகு என் அருகில் வந்து, குனிந்து, என் சட்டையின் இரண்டாவது பொத்தானில் அதைக் கட்டினார். நன்றாக இரண்டு முடிச்சுப் போட்டார். “வரேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு குழுவுக்கு அவர் வரவில்லை. லாட்ஜ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

விழா அமோகமாக நடந்தது. ஜெனரல் மேனேஜர் வாய்ப்பு எல்லோருக்கும் சமம் என்று பேசினார். நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடையாய் நடந்து, தலைவரிடம் பதினோராவது இடம் ஒன்றை வாங்கினேன். கடிதத்தோடு இருங்காட்டுக்கோட்டைக்கு ஓடினேன். அறை பூட்டியிருந்தது. வியாழக்கிழமையே ஊருக்குப் போய்விட்டார்கள் என்றாள் பக்கத்து அறைப் பெண். விண்ணப்பத்தில் இருந்த போன் நம்பர் ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரியுடையது. எத்தனையோ பேர் வராங்க, போறாங்க, எனக்கெங்கே ஞாபகம் என்றார். கோவில்பட்டிப் பக்கம் இரண்டு முறை போய் விசாரித்தேன். ஊர் பெயர்கூடத் தெரியாமல் எங்கே தேடுவது?

ஹோல்டு சாரின் கம்பெனி அவர் வேலை பார்த்த உற்பத்தி லைனையே வடக்கே ஒரு மாநிலத்துக்கு மாற்றிவிட்டது. மெஷின்களோடு அவரும் போய்விட்டார். போன மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போன் செய்தேன். இப்போதெல்லாம் கேள்வித்தாளை முதலில் மூன்று ஷிப்ட்காரர்களிடமும் காட்டிச் சரி பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். நல்லது என்றார்.

“அந்தப் பொண்ணு கெடச்சுதா சார்?”

இல்லை என்றேன்.

“அப்ப அந்த மஞ்ச டேக் இருக்கட்டும் சார்.”

இருக்கிறது. அந்தச் சட்டை வீட்டில் ஆணியில் தொங்குகிறது. அட்டையைக் கழற்றிவிட்டுத் துவைக்கப் போடுங்கள் என்று மனைவி அலுத்துவிட்டாள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைத்துவிட்டால், இதை அவிழ்ப்பதற்காகவாவது அவர் ஒரு நாள் என் வீட்டுக்கு வருவாரே.