குறுக்கெழுத்தில் இரண்டாம் பரிசு

வியாழக்கிழமை காலை மிண்டி க்ராவிட்ஸ் காபியை ஆறவிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். திரையில் இருந்தது கிரியத் அலோன் யூதப் பள்ளியின் வாராந்திரச் செய்திமடல். முதல் செய்தியே வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

"எங்கள் மூன்றாம் வகுப்புச் செல்வங்கள் ஏழைகளுக்காக முந்நூறு டப்பா உணவு திரட்டினார்கள்."

மிண்டி வேலை பார்த்தது அங்கே இல்லை. பால்டிமோரில் அதே வட்டாரத்தில் நாலு தெரு தள்ளியிருந்த பேத் தமார் பள்ளியில். அதன் செய்திமடலை எழுதி, வெள்ளிக்கிழமை மதியம் ஷபாத் ஓய்வுநாளுக்கு எல்லாரும் வீடு திரும்புவதற்குள் பெற்றோருக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. மறுநாள் அனுப்ப வேண்டிய மடலிலும் முதல் செய்தி அதேதான். மூன்றாம் வகுப்பு, ஏழைகள், டப்பா. எண்ணிக்கை மட்டும் இருநூறு.

போன வாரமும் இதே கதைதான். பேத் தமாரில் இரண்டு பேர் அறிவியல் கண்காட்சியின் இறுதிச் சுற்றுக்குப் போயிருந்தார்கள். மிண்டி அதை எழுதி வைத்து, வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தபோது, கிரியத் அலோனில் மூன்று பேர் போயிருப்பதாக வியாழக்கிழமையே செய்தி வந்துவிட்டது.

"யாரோ நம்ம மடலை முன்னாடியே அங்க கொண்டுபோய்க் குடுக்கறாங்க," என்றாள்.

எதிர் மேஜையில் வருகைப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஃபெய்கி நிமிர்ந்தாள்.

"அதுக்கு என்னை ஏன் பாக்கறீங்க?"

"உன்னைப் பாக்கலியே. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொல்றவங்க சுவத்தைப் பாத்துச் சொல்லுவாங்க."

ஃபெய்கியின் நாத்தனார் கிரியத் அலோனில் கணக்கு டீச்சர். இது மிண்டிக்குத் தெரியும். வாசல் காவலர் இரண்டு பள்ளிக்கும் முறை மாற்றி வருபவர் என்பதும் தெரியும். ஜெராக்ஸ் மிஷின் பழுது பார்க்க வருகிறவன் தேவைக்கு மேல் சிரிப்பான். மடலின் வரைவைச் செவ்வாய்க்கிழமையே அதிகாரபூர்வமாகப் படிப்பவர் யூத மதகுருவும் தலைமையாசிரியருமான ரபி டோலின்ஸ்கி ஒருவர்தான். ஆனால் ரபியைச் சந்தேகிப்பது பாவம் என்பதால் அவரை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாரையும் மிண்டி மனம் நிறையச் சந்தேகித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் பொறி வைத்தாள். வரைவின் நடுவில், புதிய கூடைப்பந்து வளையத்துக்கும் உணவறை அறிவிப்புக்கும் இடையே, ஒரு பச்சைப் பொய்யைச் சொருகினாள்.

"மாநில எபிரேயக் குறுக்கெழுத்துப் போட்டியில் நம் ஏழாம் வகுப்பு மாணவி இரண்டாம் பரிசு!"

அப்படி ஒரு மாணவி கிடையாது. அப்படி ஒரு போட்டியும் அவளுக்குத் தெரிந்து கிடையாது. வெள்ளிக்கிழமை அனுப்புவதற்கு முன் அந்த வரியை எடுத்துவிடுவதாக இருந்தாள்.

வியாழக்கிழமை வந்தது. கிரியத் அலோனின் மடலும் வந்தது.

"மாநில எபிரேயக் குறுக்கெழுத்துப் போட்டியில் எங்கள் மாணவன் முதல் பரிசு!"

"மாட்டினாங்க!" என்று மிண்டி மேஜையைத் தட்டினாள். "ஃபெய்கி, மாட்டினாங்க! இல்லாத போட்டியில ஜெயிச்சிருக்காங்க!"

"இல்லாத போட்டின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மிண்டி திரையில் தன் வரைவைத் திறந்தாள். கிரியத் அலோன் பொய் சொல்கிறது என்று நிரூபிக்க வேண்டுமானால், முதலில் பொய் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சின்ன விஷயம் அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவள் அந்த வரியை அழிக்க மவுஸைத் தொடுவதற்குள் ரபி டோலின்ஸ்கி உள்ளே வந்தார். முகம் முழுக்கப் பூரிப்பு.

"மிண்டி, இரண்டாவது பரிசுன்னு கூச்சப்படாதீங்க. பெரிசாப் போடுங்க. நேத்து சாயங்காலமே நிர்வாகக் குழுத் தலைவர்கிட்டச் சொல்லிட்டேன். மனுஷன் கண் கலங்கிட்டார். அவர் அப்பா குறுக்கெழுத்துப் பைத்தியமாம்."

"ரபி, அது வந்து..."

"அந்தப் பொண்ணு யாரு? பேர் போடலியே?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. மிண்டி சொன்னாள்: "குடும்பத்துல விளம்பரம் வேண்டாங்கறாங்க."

"ஆகா! என்ன அடக்கம்! அதையும் சேத்துப் போடுங்க."

போட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் மடல் போனது. ஷபாத்துக்கான ஹாலா ரொட்டி அடுப்பிலிருந்து இறங்குவதற்குள் அவள் கைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"மிண்டி, உண்மையைச் சொல்லுங்க. எங்க தெஹிலாதானே?" என்றாள் ஒரு தாய். "ஒரு மாசமா ரூமைச் சாத்திக்கிட்டு என்னமோ எழுதிக்கிட்டே இருக்கா. நான் வேற மாதிரி சந்தேகப்பட்டுட்டேன்."

"குடும்பத்துல விளம்பரம் வேண்டாம்னு..."

"குடும்பமே நான்தான். நான் எப்போ வேண்டாம்னேன்?"

இன்னொருத்தி இன்னும் கடுமை. "என் பொண்ணு ஜெயிச்சதை மறைக்கறீங்க. போன வருஷம் நாடகத்துலயும் அவளை மரமாத்தானே நிக்க வெச்சீங்க?"

திங்கட்கிழமைக்குள் ஏழாம் வகுப்பே இரண்டுபட்டது. யார் அந்தப் பெண் என்று ஒருத்தியை ஒருத்தி உளவு பார்த்தார்கள். எபிரேய அகராதியை எடுத்தவளைச் சுற்றி நின்று விசாரித்தார்கள். அடக்கமாக இருந்தவர்கள் மீதுதான் அதிகச் சந்தேகம் என்பதால், வகுப்பில் ஒருத்தியும் அடக்கமாக இருக்கவில்லை.

அன்று மதியம் திருமதி பொமரான்ஸ் வந்தாள். மிண்டியின் ஐந்தாறு வருட மடல்களில் ஒரே ஒரு முறைகூடப் பெயர் வராத பெண் ஒருத்தி அந்த ஏழாம் வகுப்பில் உண்டு. ஸிப்பி பொமரான்ஸ். ஓட்டத்தில் கடைசி, பாட்டில் பின்வரிசை, பைபிள் வினாடி வினாவில் மாற்று ஆள். வந்தவள் அவளுடைய அம்மா.

அவள் உட்காரக்கூட இல்லை. அலுமினியத் தாள் சுற்றிய ஒரு தேன் கேக்கை மேஜை மேல் வைத்தாள்.

"ஸிப்பிதான்னு எனக்குத் தெரியும்," என்றாள். "கேட்டா இல்லைங்கறா. அவ எப்பவுமே அப்படித்தான், எது நல்லது நடந்தாலும் தனக்கில்லேம்பா. நீங்க ஆமான்னு சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்."

மிண்டி கேக்கைப் பார்த்தாள். அம்மாவின் கண்களைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் தப்பிக்க வழியில்லை. தலை தானாக ஆடியது.

திருமதி பொமரான்ஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதிர் மேஜையில் ஃபெய்கி பேனாவைக் கீழே வைத்தாள்.

"மிண்டி," என்றாள் திருமதி பொமரான்ஸ் போன பிறகு, "நீங்க என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"தெரியல," என்றாள் மிண்டி. ஒரு வாரத்தில் அவள் சொன்ன முதல் உண்மை அது.

மறுநாள் இடைவேளையில் ஸிப்பியே வந்து நின்றாள். ஒல்லியான பெண், கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"மிஸஸ் க்ராவிட்ஸ், நான் எந்தப் போட்டியிலும் கலந்துக்கல."

"தெரியும்மா."

"அம்மா எங்க மாமா வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிட்டாங்க. அத்தை பரிசு வாங்கி அனுப்பிட்டாங்க. நான் இல்லைன்னு சொன்னா அம்மா இன்னும் சந்தோஷப்படறாங்க. இப்ப நான் என்ன பண்றது?"

மிண்டி, அம்மா வைத்துவிட்டுப் போன தேன் கேக்கில் ஒரு துண்டை வெட்டி அவளிடம் நீட்டினாள். மணி அடித்தது.

"பரவால்ல," என்றாள் ஸிப்பி. "நான் ஒரு குறுக்கெழுத்துச் செஞ்சிடறேன். அப்போ பாதிப் பொய்தானே?"

அதற்குள் ரபி டோலின்ஸ்கி அடுத்த குண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மிண்டி! முதல் பரிசு அவங்களுக்கு, இரண்டாவது நமக்கு. இந்த ஊருக்கே பெருமை. ரெண்டு பள்ளிக்கூடமும் சேந்து ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பாராட்டு விழா வெக்கறோம். பேகல் ரொட்டியும் மீனும் அவங்க செலவு. போட்டி நடத்தினவங்களை மேடைக்குக் கூப்பிடறது உங்க பொறுப்பு. இந்த வார மடல்லயும் போட்டிடுங்க."

"அவங்க வெளியூர்ல இருப்பாங்க, ரபி."

"கூப்பிடாமலே எப்படித் தெரியும்?"

எல்லாரும் இதையே கேட்கிறார்களே என்று மிண்டி நொந்துகொண்டாள். ஆனாலும் மடலில் போட்டாள்: "போட்டிக் குழுவின் பிரதிநிதி பரிசு வழங்குவார்." ஞாயிறு காலை எழுந்து, பிரதிநிதிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். இல்லாத ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போவது ஒன்றும் கஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேத் தமாரின் உணவறை நிரம்பி வழிந்தது. மேடையில் இரண்டு பள்ளி ரபிகளும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள்; பிரதிநிதிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல மிண்டிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. முன்வரிசையில் திருமதி பொமரான்ஸ் புதுத் தொப்பியோடு. கையில் ஒரு தாளைச் சுருட்டிப் பிடித்தபடி ஸிப்பி.

காபிப் பாத்திரத்தின் அருகே ஒரு பெண் மிண்டியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"நான் பெய்லா. கிரியத் அலோன் மடல் எழுதறவ."

மிண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் கற்பனை செய்து வைத்திருந்த திருடியின் முகம் இல்லை இது. தன்னைப் போலவே தூக்கமில்லாத முகம்.

"கேக்கறேனேன்னு தப்பா நெனக்காதீங்க," என்றாள் மிண்டி. "எங்க செய்தி உங்களுக்கு யார் மூலமா வருது? ஃபெய்கியா?"

"ஃபெய்கி யாரு? உங்க ரபிதான். புதன்கிழமை சாயங்காலம் எங்க ரபிகூட நீச்சல் குளத்துக்குப் போறாரே, தெரியாதா? தண்ணியில இறங்கினா அவருக்கு வாய் நிக்காதாம். எங்க ரபி ஈரத்தலையோட வந்து எனக்குப் போன் பண்ணி, 'அவங்க இருநூறு, நீ முந்நூறு போடு'ம்பார்."

"அப்போ அந்த முந்நூறு டப்பா?"

"நூத்தியெண்பது."

மிண்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "முதல் பரிசு வாங்கின பையன்?"

"எங்க ரபியோட அக்கா பையன். அவனுக்கு எபிரேயம் எழுத்துக்கூட்டத்தான் வரும்." பெய்லா குரலைத் தாழ்த்தினாள். "நல்லவேளை, பரிசு குடுக்க ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க. நான் பயந்துக்கிட்டே இருந்தேன்."

"நான் யாரையும் கூட்டிட்டு வரலியே."

"அப்போ அது யாரு?"

மேடையில், பழைய கோட்டும் பளபளக்கும் ஷூவும் போட்ட ஒரு பெரியவர் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் இரண்டு வெள்ளிக் கோப்பைகள்.

"நீங்க கூட்டிட்டு வந்த ஆள்னு நெனச்சேன்," என்றாள் பெய்லா.

"நான் நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பிறகு சேர்ந்து அந்தப் பெரியவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

அவர் மைக்கைப் பிடித்து, தன் பெயர் எலியாகிம் க்ரூன்பாம், மாநில எபிரேயக் குறுக்கெழுத்துப் போட்டியின் அமைப்பாளர் என்றார். சொல்லிவிட்டுப் பின்வரிசையில் நின்ற ஒரு பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். ரபியின் அக்கா பையன் கோப்பையை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். ஸிப்பி போகவில்லை. சுருட்டியிருந்த தாளை அவரிடம் நீட்டினாள்.

"இது நான் செஞ்சது. புதுசு. இதைப் பாத்துட்டுக் குடுங்க."

பெரியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அங்கேயே படிக்க ஆரம்பித்தார். கூட்டம் நெளிந்தது. அவர் ஒரு குறிப்பைச் சத்தமாக வாசித்தார்.

"தனக்கு வரவேண்டியதல்லாத ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டவன். நாலு எழுத்து."

ஒரு நொடி யோசித்தார். "யாக்கோபு! அண்ணன் வேஷம் போட்டு அப்பாகிட்ட ஆசி வாங்கினவன்!" என்று கூவிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. மிண்டியின் காது மட்டும் நெருப்பாகச் சுட்டது. பெரியவர் அடுத்த குறிப்பைப் படித்தார், அதற்கடுத்ததையும் படித்தார். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் ஸிப்பியிடம் கொடுத்தார். "மசல் டோவ், கண்ணு. இதுக்கு முதல் பரிசே குடுக்கலாம்." திருமதி பொமரான்ஸின் தொப்பி கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

விழா முடிந்து நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. மிண்டி பெரியவரை வாசலில் மடக்கினாள். இதற்கு மேல் தாங்காது. யார் அனுப்பிய ஆள், யாருக்கு எவ்வளவு தெரியும், எல்லாவற்றையும் கேட்டுவிடுவது, தன் பக்கத்தையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். பெய்லாவும் பின்னால் வந்து நின்றாள்.

"திரு. க்ரூன்பாம், இந்தப் போட்டியைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும்..."

அவர் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். காரருகே நின்று கையசைத்துக்கொண்டிருந்த தன் மகளுக்குக் கேட்காதபடி, மிண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும் குரலில் சொன்னார்:

"கண்டுபிடிச்சிட்டீங்களாம்மா? மூணு வருஷமா ஜெபக்கூட வாசல்ல அந்தப் போட்டிக்கு நோட்டீஸ் ஒட்டறேன், ஒருத்தரும் கலந்துக்கிட்ட மாதிரியே ஞாபகம் இல்ல. உங்க ரெண்டு மடலையும் படிச்சப்புறம்தான் எனக்கு எவ்வளவு மறதின்னு தெரிஞ்சுது, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, கார் சாவியைப் பிடுங்கிக்குவா."