கக்கத்தில் இடுக்கும் ஸ்டாண்டு

ஸ்டாண்டு மறுபடியும் மண்டி போட்டது. அதன் மேலிருந்த படப்பலகை ஈரச் சாயத்தோடு டிராஃப்ட்ஸ்மேனின் சட்டையில் வந்து அப்பிக்கொண்டது.

"காத்து," என்றார் அவர், அசராமல்.

"ஒரு இலைகூட ஆடலீங்க," என்றாள் மனைவி.

பூங்காக் காவல்காரர் ஓடிவந்து ஸ்டாண்டைத் தூக்கிவிட்டார். தினமும் அதை விரித்து நிறுத்தக் கைகொடுப்பவரும் அவர்தான். தங்கமான மனுஷர்.

டிராஃப்ட்ஸ்மேன் பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. மனைவியின் ஓவியக் குழு வெளியே வைத்து வரைய ஸ்டாண்டு தேடியபோது, கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுக் கொதித்துப்போனார். "பழைய அலுமினியக் குழாய் போதும். கக்கத்துல இடுக்கிட்டுப் போற மாதிரி, கொள்ளை மலிவா நான் செஞ்சு தர்றேன்!" என்று எல்லார் முன்னாலும் மார்தட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. அதற்குள் மனைவி வரையும் பூங்காக் குளத்துப் படம் முடியாவிட்டால் அவர் மானம் கப்பலேறிவிடும்.

கால் அகட்டுகிறது என்று சங்கிலி மாட்டினார். சங்கிலியோடு விழுந்தது. பாரம் போதவில்லை என்று மணல் மூட்டை கட்டினார். மூட்டை அவர் கட்டைவிரல் மேலேயே இறங்கியது. அடியில் அகலமாக மரக்கட்டை வைத்தார். கக்கத்தில் இடுக்க வேண்டியதைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தார். அதுவும் விழுந்தது.

ஒவ்வொரு முறையும் முடிவு ஒன்றுதான். பலகைக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவரே அதைப் பிடித்துக்கொள்வார். மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது.

"குளம் என் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. மறைக்கறேனா?"

"இல்லீங்க, நல்லா தெரியுது. தலைய ஆட்டாதீங்க."

சனிக்கிழமை மாலை அவள் தூரிகையைக் கழுவினாள். "முடிஞ்சுது. வந்து பாருங்க."

எட்டிப் பார்த்தார். குளத்தைக் காணோம். பலகைக்கு மேலே மோவாயை வைத்து, புருவத்தை நெரித்து, வேர்த்து விறுவிறுத்து அவரே நின்றுகொண்டிருந்தார். அச்சு அசல்.

"குளம் எங்கடி?"

"அது எங்க போயிடப் போவுது? கல்யாணமான நாள்லேர்ந்து உங்கள வரையணும்னு ஆசை. ஒரு எடத்துல நின்னாத்தானே?"

அவர் சந்தோஷமாக இன்னொரு முறை படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் ரோஷம் விடவில்லை. "அதெல்லாம் சரி. இந்தச் சனியன் ஏன் விழுதுன்னு இன்னிக்குக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்!" என்று ஸ்டாண்டுக்கு அடியில் தவழ்ந்து புகுந்தார்.

அவர் அங்கே இருப்பது தெரியாமல் காவல்காரர் வந்து படத்தை எட்டிப் பார்த்தார்.

"முடிச்சிட்டீங்களாம்மா? அப்ப நாளையிலேர்ந்து சார் அசந்த நேரமாப் பாத்து நான் நட்டைத் தளத்தி வைக்க வேணாம்ல?"